உமிச்சாம்பலும் சீமெந்துக் கல்லும்

யாழ்ப்பாணத்தில் சீமெந்துக் கல் அரியும் சகோதரர்களுக்கு என் அனுபவம் ஒன்று. காங்கேசன்துறை ஆலை 1990இல் உற்பத்தியை நிறுத்தியபின் நமக்கான சீமெந்து வெளியிலிருந்தே வருகிறது. 2022 நெருக்கடியில் விலை ஏறியபோது என் சிறு தொழில் ஆட்டங்கண்டது.

அப்போதுதான் உமியின் பக்கம் பார்வை திரும்பியது. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது சேர்ந்து கல்லுக்கு உறுதி தரும்.

அவசரப்பட்டு அரிசி ஆலைச் சாம்பலை அப்படியே கலந்தேன். கல்லின் ஓரங்கள் உதிர்ந்தன. பிழை என்னுடையதே. கறுத்த சாம்பலில் எரியாத கரி இருக்கும். சூடு 700 பாகையை மிகவும் தாண்டினால் சிலிக்கா படிகமாகி வலுவிழக்கும். அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு. அளவான சூட்டில் எரிந்து, மாவாக அரைபட்ட சாம்பலே உதவும்.

நிறையில் 10 பங்கு சீமெந்துக்கு 1 பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். தண்ணீர் சற்றுக் கூடுதலாக வேண்டும். முதலில் சில கற்களை அரிந்து, நனைத்துப் பதப்படுத்தி, 28ஆம் நாள் ஆய்வுகூடத்தில் பலம் பாருங்கள். எரிக்கும், அரைக்கும் செலவையும் கணக்கிடுங்கள். மிச்சம் இல்லையேல் விட்டுவிடுங்கள். வாங்குபவரிடம் கலவையை மறைக்காதீர்கள். நம் முதல் முதலீடு நாணயம்தானே!