மழை தோண்டிய சுனை

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வண்டியில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பதுபோல், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி, அதன் கரையில் ஓர் இரவு என்பது அவர்கள் ஆசை. தமிழ்நாட்டில் அதற்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகவேண்டும். இரண்டு ஏரிகளும் மனிதர் உண்டாக்கியவை. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து அமைத்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் வேர் ஹென்றி லெவிஞ்ச் அமைத்தது. இத்தனை மலைகள் இருந்தும் இயற்கையான ஏரி ஏன் இவ்வளவு அரிது?

உலகின் பெரும்பாலான மலை ஏரிகளைத் தோண்டியது பனி. பனியாறு மெல்ல நகரும்போது பாறையைச் சுரண்டிப் பள்ளமாக்கும். சுரண்டிய கற்களை முன்னே தள்ளிக் கரையாகவும் குவித்துவிடும். பனி உருகிய பின் அந்தப் பள்ளம் ஏரியாகிவிடும். சுவிட்சர்லாந்தின் ஏரிகள் பல இப்படி வந்தவை. எரிமலையும் ஏரி செய்யும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையுச்சி உள்ளே சரிந்தது. அந்தக் குழியில் இன்று 594 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கடைசிப் பனியுகத்தில்கூடத் தமிழக மலைகளில் பனியாறு ஓடவில்லை. எரிமலை வாயும் இங்கே இல்லை. வெயிலும் மழையும்தான் உண்டு. அவை இரண்டும் சேர்ந்து தோண்டியது சுனை. அதைப் பார்க்கச் செஞ்சிக்கு வரலாம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், பெரும்பெரும் உருண்டைக் கற்களைக் கொட்டி வைத்ததுபோல் குன்றுகள் தெரியத் தொடங்கினால் செஞ்சி வந்துவிட்டது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகி உண்டான கருங்கல் இது. மேலே கிடந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, அழுத்தம் குறைந்தது. அழுத்தம் விட்ட கல் விரிந்து, வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரிந்தது. இந்த உரிசல்களும் வெடிப்புகளும்தான் செஞ்சி மலையின் தண்ணீர்க் குழாய்கள். கருங்கல்லுக்குள் நீர் நுழையத் துளைகள் கிடையாது. வெடிப்பு ஒன்றே வழி. மழை நாளில் அதில் இறங்கிய நீர், மழை விட்ட பிறகும் மெல்ல நகர்ந்து வேறொரு வெடிப்பின் வாயில் கசியும்.

மொட்டைப் பாறையில் சுனை உண்டாகும் விதம் இன்னும் விசித்திரம். சிறிய பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால் அந்நீரில் சற்றே அமிலத்தன்மை உண்டு. அது கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. பாசியும் தன் பங்குக்கு அரிக்கிறது. பிடிப்பு தளர்ந்த மணல் அடுத்த மழையில் வழிந்து வெளியேறும். பள்ளம் பெரிதாக ஆக, நீர் கூடுதல் நாள் நிற்கும். கூடுதல் நாள் நின்றால் பள்ளம் இன்னும் பெரிதாகும். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வறண்ட நிலத்தைக் கடக்க இத்தகைய பாறைக் குழிகளைத்தான் நம்பினார்கள். நீர் ஆவியாகாமலிருக்கக் குழியின் வாயைப் பலகைக் கல்லால் மூடி வைத்தார்கள்.

கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் பாறையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் பத்தாயிரம் லிட்டர். பாறை குடிப்பது மிகக் கொஞ்சம். கேரவன் தொட்டியில் நூறு லிட்டர் நிரப்பினாலே நூறு கிலோ சுமை. செஞ்சியில் கோட்டை கட்டியவர்கள் தண்ணீரை மேலே தூக்கிச் செல்ல நினைக்காமல், மலை பிடித்துத் தருவதைச் சேர்த்து வைத்தார்கள். கோட்டையின் ராஜகிரிக் குன்றில் சுனை, அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்.

அதன் பலன் 1690இல் தெரிந்தது. மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டு வெளியே கூடாரம் அடித்தார். கோட்டை விழுந்தது 1698இல். தளபதியே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்று எழுதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் மலைமேல் தண்ணீர் இல்லாத கோட்டை எட்டு வருடம் தாங்கியிருக்காது என்பதே என் கட்சி.

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் இதே கருங்கல்லின் மறுபக்கத்தைக் காணலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து சத்ருமல்லேஸ்வரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான். சத்ருமல்லன் என்பது அவன் பட்டப்பெயர். முகப்பில் மகர தோரணம் செதுக்கியிருக்கிறது. தண்ணீர் தேடுகிறவனுக்கு வெடித்த பாறை வேண்டும். சிற்பிக்கு வெடிப்பில்லாத பாறை வேண்டும். கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான். இனி வண்டிகள் கூடும். சுனை சிறியது; ஏரியைப்போல அழுக்கைக் கரைத்துவிட அதற்கு நீர் போதாது. சில பாறைக் குழிகளில் மிகச்சிறு இறாலினங்களின் முட்டைகள் காய்ந்த சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து, மழை விழுந்ததும் பொரிக்கும். சோப்பு நுரை பட்டால் அவையும் போகும். கேரவனில் வருகிறவர்கள் தொட்டியை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவவோ குளிக்கவோ சுனையில் இறங்காதீர்கள்.