வேலை தேடும் படலம் – 14: பால் கணக்கு எழுதிய பெண்

போன வாரம் ரெஸ்யூமே பற்றிப் பேசினோம். அதன் அடியில் 'ப்ராஜெக்ட்ஸ்' என்று ஒரு தலைப்பு வருமே, இந்த வாரம் அது.

ஆள் எடுக்கும் காலத்தில் நான் ரெஸ்யூமேயைப் படித்த கையோடு லிங்க்ட்இன்னைத் திறந்துவிடுவேன். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே கால்குலேட்டர், ஒரே டு-டூ லிஸ்ட், ஒரே எக்ஸ்-ஓ விளையாட்டு, ஆள் பெயர் மட்டும் மாறி மாறி வரும். 'அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி' என்று இங்கிலீஷில் ஒரு பத்தி, கீழே பத்து ஹேஷ்டேக். எல்லாம் 'விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்' செய்யும் வேலை. சம்பளம் கிடையாது, சொல்லித்தர ஆளும் கிடையாது. கொடுத்த டாஸ்க்கை முடித்து, வீடியோ எடுத்து, கம்பெனியை டேக் செய்து போஸ்ட் போட்டால் சர்டிஃபிகேட். சிலர் அதற்கும் காசு கேட்கிறார்கள். இதில் விளம்பரம் யாருக்குக் கிடைத்தது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எங்கள் காலத்தில் ப்ராஜெக்ட் சென்டர் இருந்தது. இன்றும் இருக்கிறது. காசைக் கட்டினால் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் பைண்டிங்கோடு கைக்கு வரும். வைவா முடிந்ததும் கல்லூரி அலமாரிக்குள் போய்விடும். அந்த அலமாரி எவ்வளவு பெரிய கருணை என்று இப்போது புரிகிறது. இன்று உங்கள் பெயரோடு ஊரே பார்க்கக் கிடக்கிறது.

சரி, எதைக் காட்டுவது? ஒரு பெண் போட்டிருந்த போஸ்ட் இன்னும் நினைவிலிருக்கிறது. அவள் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர். காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை, ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ள ஒரு ஆப் செய்திருந்தாள். முதல் ஆப்பில் கிராஃப் எல்லாம் அழகாக வந்ததாம். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டுவாடா அன்று சொசைட்டி தரும் தொகையும் தன் கணக்கும் ஒத்துப்போகிறதா, அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. சொசைட்டிப் பக்கம் சிக்னலும் கிடையாது. அதனால் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் ஏற்றுகிற மாதிரி மாற்றி எழுதினாள். அதில் ஒரே பதிவு இரண்டு முறை ஏறித் தொகை எகிறியது, அதை எப்படிச் சரிசெய்தாள் என்று நான்கு வரி. கூடவே கிட்ஹப் லிங்க், முப்பது செகண்ட் வீடியோ.

லைக் இருபதுகூடத் தேறவில்லை. நான் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டேன். ரெட்டைப் பதிவு பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

செய்ததை ஊரறியக் காட்டிய வெளிநாட்டுக்காரர் கதை ஒன்று. ரியாக்ட் எழுதுகிறவர்கள் ரீடக்ஸ் லைப்ரரி தெரியாமல் இருக்க முடியாது. அதை எழுதியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவ், 2015இல் பாரிஸில் நடந்த ரியாக்ட் மாநாட்டில் மேடையிலேயே அதை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டில் ஃபேஸ்புக் அவரை ரியாக்ட் பக்கம் எடுத்துக்கொண்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது, 2018 கடைசியில் அவர் எழுதிய கட்டுரை. தனக்கு இன்னின்ன விஷயங்கள் தெரியாது என்று பட்டியலே போட்டிருந்தார். தெரியாததைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நம் பிள்ளைகளுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ!

அதற்காக ப்ராஜெக்ட் இருந்தாலே வேலை நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். மேக் வைத்திருக்கும் புரோகிராமர்கள் பலர் தினமும் புழங்கும் ஹோம்ப்ரூ என்ற சாஃப்ட்வேரை எழுதிய மேக்ஸ் ஹவெல், கூகுள் இன்டர்வியூவில் தனக்கு வேலை கிடைக்கவில்லை என்று 2015இல் ட்விட்டரில் குமுறினார். போர்டில் போடச் சொன்ன பைனரி ட்ரீ கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டதாம். ப்ராஜெக்ட் கதவைத் தட்டும். உள்ளே போன பிறகு நடப்பது வேறு.

ப்ராஜெக்ட்டை ஊருக்குக் காட்டும் முன் ஒரு எச்சரிக்கை, நான் சூடுபட்ட கதை. கிளவுட் கணக்கின் சாவியைக் கோடுக்குள்ளேயே எழுதி, பப்ளிக் ரெபோவில் ஏற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் கவனித்து, அந்த வரியை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கிட் பழைய கமிட்டை மறப்பதில்லை. இப்படி விட்டுப்போன சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே பாட்கள் அலைகின்றன. காலையில் பில்லைப் பார்த்தபோது கை நடுங்கியது. வரியை அழிப்பது பிறகு இருக்கட்டும், முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள்.

கிட்ஹப்பில் ஆறு ரெபோ வரை உங்கள் பக்கத்தின் மேலே பின் செய்து வைக்கலாம். ஆறையும் நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு போதும். ஆனால் ரீட்மீ எழுதியிருக்க வேண்டும், டெமோ லிங்க் திறக்க வேண்டும். செத்துப்போன லிங்க்கைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து உங்கள் ப்ராஜெக்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாமல், அவர் எங்கே திணறுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த வாரம், மேக்ஸ் ஹவெலைக் கவிழ்த்த அந்த போர்டு.