கோடு நிறைந்திருந்தும் கோல் போகாதது ஏன்?
பல்கற்றை அன்டெனாக்கள் பற்றிய ஒரு விளக்கம்

ஹாஜிகள் அரபாவில் தரித்து நிற்கும் நாளில் எங்கட வீடுகளில் வருடா வருடம் நடக்கும் கதை ஒன்று உண்டு. பிள்ளைகள் இங்கிருந்து விடாமல் கோல் எடுப்பார்கள், போகாது. இரவு எப்படியோ லைன் கிடைத்ததும் உம்மா சொல்வார்: "ஃபோன்ல கோடெல்லாம் நிறைஞ்சிதான் இருந்திச்சு மகன், ஆனா கோல் மட்டும் போகுதில்ல." கூடாரத்துக்கு வழி தவறிய ஒரு வயோதிபருக்கு அந்த ஒரு கோல் எவ்வளவு பெரியது என்பதை, போய் வந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

உம்மா சொன்னதில் பிழையில்லை. திரையில் தெரியும் கோடுகள், டவரின் குரல் எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதை மாத்திரமே காட்டும். அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதைக் காட்டாது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும், பின்னால் முந்நூறு கோப்பை வரிசையில் இருந்தால், கஞ்சி கொஞ்சம்தான் கிடைக்கும். அண்டாவுக்குக் கீழே நெருப்பைக் கூட்டினால் கஞ்சி கூடாது. அதுபோல, டவரின் சக்தியைக் கூட்டுவதால் நெரிசல் தீராது.

கணக்காகவே பார்ப்போம். 4ஜியில் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை கொண்ட ஒரு செல், வழமையான இரட்டை அன்டெனா அமைப்பில், மிக நல்ல நிலையில் செக்கனுக்குச் சுமார் 150 மெகாபிட் தரும். அதன் கீழ் 3,000 பேர் ஒரே நேரத்தில் இருந்தால் ஆளுக்கு 50 கிலோபிட். வீடியோ கோல் பேச ஏலாது. இது ஏட்டுக் கணக்குத்தான்; களத்தில் இன்னும் குறையும். 2023 ஹஜ்ஜில் 18 இலட்சத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சாதாரண டவர் ஒன்றில் மூன்று திசைக்கு மூன்று அன்டெனா இருக்கும். ஒவ்வொன்றும் 120 பாகை பரப்பைப் பார்த்துக்கொள்ளும். அதாவது மூன்று அண்டா. புது டவர் கட்டாமல் அண்டாவைப் பெருக்க வேண்டுமானால், அந்த 120 பாகையை ஒடுங்கிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே ஒரு கற்றையை அனுப்ப வேண்டும். எல்லாக் கற்றைகளும் அதே அலைவரிசையையே திரும்பப் பாவிக்கலாம். திசை வேறு என்பதால் பெருமளவு மோதாது. பத்துக் கற்றை என்றால் பத்து செல். மேலே சொன்ன 3,000 பேர் 300, 300 ஆகப் பிரிவார்கள். பல்கற்றை அன்டெனாவின் அடிப்படை இவ்வளவுதான்.

ஒரே பெட்டியிலிருந்து எப்படிப் பல திசைக்குக் கற்றை போகிறது? குளத்தில் ஒரே வரிசையில் நான்கு கற்களை ஒரே நேரத்தில் போட்டால், அலை நேராக முன்னே போகும். இடப்பக்கத்துக் கல்லை முதலிலும் மற்றவற்றை ஒவ்வொரு கணம் பிந்தியும் போட்டால், அலை வலப்பக்கமாகச் சாய்ந்து போகும். அன்டெனாவுக்குள் இருக்கும் சிறு உறுப்புகளும் இப்படித்தான். எவ்வளவு பிந்துகிறது என்பதே திசையைத் தீர்மானிக்கிறது. இந்தப் பிந்தலை ஒழுங்குபடுத்த ஜெஸ்ஸி பட்லர், ரால்ஃப் லோ என்ற இரு பொறியியலாளர்கள் 1961இல் வெளியிட்ட மின்சுற்று இன்றும் பாவனையில் உண்டு. பட்லர் அணி என்று பெயர். அதற்கு நான்கு வாசல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலால் சமிக்ஞையை விட்டாலும் அது நான்கு உறுப்புகளுக்கும் போகும். ஆனால் வாசலுக்கு வாசல் பிந்தல் வேறு, ஆகவே திசையும் வேறு. நான்கு வாசலாலும் ஒரே நேரத்தில் நான்கு வேறு செய்திகளை விடலாம். அசையும் பாகம் ஒன்றுமில்லை.

மற்ற வழி வில்லை. 1944இல் ருடால்ஃப் லூனெபேர்க் கணித்துக் காட்டிய பந்து வடிவ வில்லை அது. நடுவில் அடர்த்தி கூடி, விளிம்பை நோக்கிப் படிப்படியாகக் குறைந்து, மேற்பரப்பில் காற்றோடு காற்றாகிவிடும். பந்தின் ஒரு பக்கத்தில் ஒரு சிறு அன்டெனாவை வைத்தால் எதிர்ப்பக்கத்தால் ஒரு கற்றை வெளிவரும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இன்னொரு கற்றை. கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் சனத்திரளுக்காக இத்தகைய பந்துகளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஒளி முறிவின் விதியை 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு சஹ்ல் எழுதிவைத்தார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அவரும் வில்லையால் ஒளியை ஓரிடத்தில் குவிப்பது பற்றித்தான் எழுதினார். அதற்காக, 'இதுவும் நம்மவர் கண்டுபிடிப்பே' என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் சேரவில்லை. அவருக்குப் பிறகு ஆயிரம் வருடமாக யார் யாரோ உழைத்திருக்கிறார்கள்.

கற்றை ஒடுங்க ஒடுங்க அன்டெனா அகல வேண்டும் என்பது இயற்கை போட்ட நிபந்தனை. 900 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் சுமார் 33 சென்ரிமீற்றர். அங்கே 10 பாகைக் கற்றை வேண்டுமென்றால் அன்டெனா ஏறக்குறைய 1.7 மீற்றர் அகலம் இருக்க வேண்டும். 3,500 மெகாஹேர்ட்ஸில் 44 சென்ரிமீற்றர் போதும். டவர் உச்சியில் காற்றுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டிய பலகை என்பதால் இது சின்ன விசயமில்லை.

வேறு தொல்லைகளும் உண்டு. இரண்டு கற்றைகள் சந்திக்கும் எல்லையில் நிற்பவருக்கு இரண்டும் சம வலிமையில் கேட்கும். ஒன்று மற்றதற்கு இரைச்சல். சனம் நடந்துகொண்டே இருந்தால் ஃபோன் ஒரு கற்றையிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் கோல் அறுபட இடமுண்டு. கூடாரங்களில் அமர்ந்திருக்கும் மினாவுக்கு ஒடுங்கிய நிலையான கற்றைகள் பொருந்தும். ஜமராத்தை நோக்கி ஓடும் வெள்ளம் போன்ற கூட்டத்துக்குக் கற்றையை எப்படிக் கிடத்துவது என்று யோசித்தே செய்ய வேண்டும். அத்தோடு ஒவ்வொரு கற்றைக்கும் தனி ரேடியோ வேண்டும். டவரிலிருந்து வெளியே போகும் ஃபைபரும் அதைத் தாங்க வேண்டும். அங்கே பாதை ஒடுங்கினால் மேலே எத்தனை கற்றை இருந்தும் பிரயோசனமில்லை.

5ஜி டவர்களில் கற்றை நிலையானதல்ல. 64 ரேடியோக்கள் வரை ஒரே பலகையில் இருந்து, பிந்தலைக் கணினி கணத்துக்குக் கணம் மாற்றி, ஆள் போகும் பக்கம் கற்றையைத் திருப்பும். அப்படியிருந்தும் பழைய முறை ஒழிந்துவிடாது என்றே நினைக்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகும் எங்கட பெரியவர்கள் பலரின் கையில் இருப்பது 4ஜி ஃபோன். பட்லர் அணிக்கோ பந்து வில்லைக்கோ ஃபோன் புதியதா பழையதா என்ற பேதம் தெரியாது.

போகிறவர்களுக்கு ஒரு சின்ன விசயம். கோல் போகாவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலும் டவரின் கதவைத் தட்டுவதுதான். இலட்சம் பேர் தட்டினால் கதவே அடைபடும். எஸ்எம்எஸ் மிகச் சிறியது, வழி கிடைக்கும்போது நுழைந்துவிடும். "சுகமாக இருக்கிறேன், கூடார இலக்கம் இது" என்று எழுதி அனுப்ப உம்மாவுக்கு இங்கேயே பழக்கிவிடுங்கள்.