செப்டிக் டேங்க் கட்டப் போறீங்களா? முதலில் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்க!

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் டைல்ஸைப் பாராட்டுவார்கள், சமையலறையைப் பாராட்டுவார்கள். செப்டிக் டேங்க் எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை பெய்தால்தான் அதன் ஞாபகமே வரும். ஃப்ளஷ் செய்த தண்ணீர் இறங்காது. பாத்ரூமில் வாடை. கொல்லைப்பக்கம் கசிவு. லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுத்தாலும், சில நாளில் மறுபடி அதே கதை.

பழி மேஸ்திரி மேல் விழும். ஆனால் பல வீடுகளில் கோளாறு கட்டுமானத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

டேங்க் பாதி வேலைதான் செய்யும்

செப்டிக் டேங்க்கில் கசடு அடியில் தங்கும். தண்ணீர் தங்காது. உள்ளே எவ்வளவு போகிறதோ, அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். கிருமிகள் நிறைந்த அந்தத் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போய், சுற்றியுள்ள மண்ணில் இறங்க வேண்டும். மண் குடித்தால்தான் குழி காலியாகும்.

எந்த மண் எவ்வளவு குடிக்கும்? ‘பக்கத்து வீட்டில் எட்டடி போட்டார்கள், நமக்கும் எட்டடி’ என்பதுதான் பெரும்பாலும் நடக்கும் கணக்கு. அதற்குப் பதிலாக ஓர் எளிய சோதனை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதித்தொகுப்பிலேயே முறை சொல்லப்பட்டிருக்கிறது. தேவை கடப்பாரை, சில வாளித் தண்ணீர், ஸ்கேல், கடிகாரம்.

சோதிப்பது எப்படி?

உறிஞ்சுகுழி எந்த ஆழத்தில் தண்ணீரை விடப்போகிறதோ, அந்த ஆழத்து மண்ணில் சோதிக்க வேண்டும். மேலே செம்மண்ணும் கீழே களிமண்ணும் இருக்கும் மனைகள் உண்டு. அங்கே 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் செங்குத்தான சிறு குழி தோண்டுங்கள். கடப்பாரை பட்டு மழுங்கிய பக்கங்களைக் கூரான கம்பியால் கீறிவிடுங்கள். உதிரி மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பெருமணலோ பொடிஜல்லியோ போடுங்கள். அதற்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் நிரப்பி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். குழந்தைகள், ஆடு மாடு விழாமல் பலகை போட்டு மூடுவது முக்கியம்.

ஊறவிடுவதை மட்டும் தவிர்க்கவே கூடாது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் வாளியைக் கடகடவென்று குடித்துவிடும். ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும்.

மறுநாள் தண்ணீர் மிச்சமிருந்தால், ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. இருக்கும்படி சரிசெய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். வற்றியிருந்தால் 15 செ.மீ. நிரப்பி, அரை மணிக்கொரு முறை அளந்து, மறுபடி நிரப்பி, நான்கு மணி நேரம் தொடருங்கள். கடைசி அரை மணியின் அளவுதான் கணக்கு. மனையில் இரண்டு, மூன்று இடங்களில் பார்ப்பது நல்லது.

ஸ்கேல் சொல்லும் பதில்

* 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால், உறிஞ்சுகுழி போடலாம்.
* 1.25 முதல் 2.5 செ.மீ. வரை என்றால், குழி சரிவராது. நீளவாக்கில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பரவலாக இறக்க வேண்டும்.
* 1.25 செ.மீ.க்கும் குறைவு என்றால், அந்த மண்ணை நம்பக் கூடாது. வடிகட்டும் தொட்டி போன்ற வேறு ஏற்பாட்டைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

குழியின் அளவும் இதைப் பொறுத்ததே. 2.5 செ.மீ. இறங்க 4 நிமிடம் எடுக்கும் மண், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 லிட்டர் வாங்கும். 25 நிமிடம் எடுக்கும் மண் வாங்குவது 40 லிட்டர்தான். தினமும் 200 லிட்டர் வெளியேறும் வீட்டுக்கு முதல் மண்ணில் 2 சதுர மீட்டர் பக்கச் சுவர் போதும். இரண்டாவதில் 5 வேண்டும். பக்கத்து வீட்டுக் கணக்கு பொய்த்துப்போவது இங்கேதான்.

வேகமாக இறங்கினால் சந்தோஷமா?

கடலோர மணலில் ஊற்றிய தண்ணீர் நொடியில் மறைந்துவிடும். கழிவுநீரும் அப்படித்தான் போகும். வடிகட்ட மண்ணுக்கு நேரம் கிடைக்காததால், கிருமிகள் நிலத்தடி நீரைத் தொட்டுவிடலாம். எந்த மண்ணானாலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி, தள்ளித்தான் உறிஞ்சுகுழி இருக்க வேண்டும். நம் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறும் இந்தக் கணக்கில் சேரும். மழைக்காலத்தில் அங்கே ஊற்று எவ்வளவு மேலே வரும் என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நிலத்தடி நீர் குழிக்குள்ளேயே ஏறினால், எந்த மண்ணும் கைகொடுக்காது.

வாஸ்து பார்க்க ஒரு நாள், பூஜைக்கு ஒரு நாள் ஒதுக்குகிறோம். இதற்கும் ஓர் இரவும் அரை நாளும் ஒதுக்கலாம். அடித்தளம் போட்ட பிறகு குழியின் இடத்தை மாற்றுவது பெரும் செலவு. இப்போது மாற்ற, வரைபடத்தில் ஒரு கோடு அழித்தால் போதும்.