பீரோவில் இல்லாத பட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்பவர், தறிச் சத்தத்தைக் கொண்டே எந்த வீட்டில் வேலை நடக்கிறது, எந்த வீட்டில் பாவு தீர்ந்து தறி ஓய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வரி அதிகாரிகளுக்கு அந்தச் செவிப்பழக்கம் இராது. அவர்கள் கணக்கைப் பார்க்கிறார்கள், சரக்கை நிறுக்கிறார்கள், இரண்டும் ஒத்துவராவிடில் காரணம் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் கடமையேயாகும். நம் சங்கங்களில் பலவற்றுக்கு அக்கேள்விக்கு விடை தெரியும். ஆனால் அவ்விடை எழுத்தில் இராது.

சில காலத்துக்கு முன் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆண்டாய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. சுமார் 90 தறிகள் ஓடும் சங்கம். நாம் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்கையில் வரி அதிகாரிகள் மூவர் வந்தனர். இருப்புப் பதிவேட்டின்படி சங்கத்தில் 142 கிலோ பட்டு இருக்க வேண்டும். பீரோவைத் திறந்து நிறுத்துப் பார்த்ததில் 38 கிலோதான் இருந்தது.

“மீதி எங்கே?” என்று கேட்டார் அதிகாரி.

“தறியில் இருக்கிறது சார்” என்றார் செயலாளர்.

“எந்தத் தறியில்? என்று கொடுத்தீர்கள்? எவ்வளவு எடை?”

எழுத்தர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் அங்கத்தினர் எண் இருந்தது. பாவு எண் இருந்தது. எடை இல்லை, தேதி பல இடங்களில் இல்லை, வாங்கிக் கொண்டவர் கையொப்பமும் இல்லை. செயலாளர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், கணக்கில் வராத சரக்கை விற்றுவிட்ட சரக்காகவே மதித்து அதன்மீது வரி விதிக்க அதிகாரிக்கு இடம் தருகிறது. நேர்மையாளரும் நேர்மையற்றவரும் அந்த இடத்தில் ஒரே வரிசையில்தான் நிற்க நேரிடுகிறது.

வரி என்பது இம்மாகாணத்துக்குப் புதிதன்று. ராஜாஜி சேலத்தில் 1937-ல் மதுவிலக்கைத் தொடங்கி, அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். எனினும் கைத்தறித் துணி நெடுங்காலம் பெரும்பாலும் அவ்வலைக்கு வெளியே இருந்து வந்தது. 2017 ஜூலை 1-ஆம் நாள் அந்நிலை மாறிற்று. பட்டுத் துணிக்கு 5 சதவீதம் என்பது பெரிய விகிதமன்று. 2022 ஜனவரி முதல் அதனை 12 ஆக்க இருந்த முடிவும், 2021 டிசம்பர் 31 அன்று கூடிய மன்றத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே சிறு சங்கங்களை வருத்துவது வரியின் அளவு அன்று; அதனோடு வந்த எழுத்து வேலையே.

மேற்படி சங்கத்துக் கதைக்கு வருவோம். நெசவாளி சங்கத்திலிருந்து பட்டை விலைக்கு வாங்குவதில்லை. பட்டும் சரிகையும் சங்கத்தின் உடைமை. அவர் நெய்து தந்து கூலி பெறுகிறார். சட்டமும் இதனைக் கூலி வேலை என்றே கொண்டு, வரி கட்டாமலேயே நூலை அவர் வீட்டுக்கு அனுப்ப அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அனுப்பும்போது மூன்று பிரதியில் ஒப்படைப்புச் சீட்டு எழுத வேண்டும். ஓராண்டுக்குள் சரக்கு திரும்பி வர வேண்டும். வராவிடில், அனுப்பிய அன்றே அது விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அனுப்பியதும் வந்ததும் ஐ.டி.சி.-04 என்னும் படிவத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேற்படாத சங்கம் 2021 அக்டோபர் முதல் ஆண்டுக்கு ஒரு முறை தெரிவித்தால் போதும்.

எடை விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இது பட்டுத் தொழிலுக்கே உரியது. கோறாப் பட்டைக் காய்ச்சிக் கோந்தை நீக்குகையில் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. 10 கிலோ கோறா சாயப் பட்டறைக்குச் சென்றால் ஏழரைக் கிலோ அளவில்தான் திரும்பும். பின்னர் சரிகை சேர்ந்து புடவையின் எடை மீண்டும் ஏறுகிறது. பட்டு வாங்கிய ரசீதையும் புடவையின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளியூர் அதிகாரிக்கு இது பட்டு மறைந்து சரிகை முளைத்த மாயம் போலத் தோன்றினால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒவ்வொரு முறை சாயத்துக்கு அனுப்பும்போதும் போன எடை, வந்த எடை இரண்டையும் எழுதி, குறைவை நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. நாம் ஆய்ந்த சங்கங்களில் இதனை ஒழுங்காகச் செய்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

நூல் வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். முறுக்கேற்றாத கோறாவுக்கு வரி இல்லை. பட்டு நூலுக்கு 5 சதவீதம் உண்டு. நூலைத் தயாரிப்பவரிடமிருந்தே நேரில் வாங்கினால், அந்த வரியை விற்றவர் அன்று, வாங்கிய சங்கமே கட்டியாக வேண்டும். உழவரிடம் பருத்தி வாங்கும் பதிவு பெற்ற சங்கத்துக்கும் 2017 நவம்பர் முதல் இதே விதிதான். விற்றவர் சீட்டில் வரி எழுதவில்லை, ஆதலால் வரி இல்லை என்று எண்ணி விட்டுவிட்டவர்கள் ஆண்டுகள் கழித்து வட்டியோடு கட்டினர்.

இவையெல்லாம் நம் பக்கத்துக் குறைகள். சட்டத்தின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு; அதனை மறைப்பது நேர்மையாகாது. வாணிபரிடம் சாயப்பொடியோ சரிகையோ வரியுடன் வாங்குகிறோம். அவர் அந்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டால், நாம் கொடுத்த வரிக்கு நமக்கு வரவு கிடையாது. 2022 ஜனவரி முதல் அவர் தம் விற்பனை விவரத்தைக் கணினியில் ஏற்றினால் அன்றி நாம் வரவு எடுக்கவே முடியாது. பணத்தைக் கொடுத்தவனையே மீண்டும் கொடு என்பது எவ்வகை நியாயமோ நமக்கு விளங்கவில்லை. ரப்பர் ஷீட் வாங்கிய குமரி மாவட்டத்து வாணிபர்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில், வரியை வசூலித்துக் கட்டாத விற்பனையாளரை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடித்தது சரியன்று என்று ஆணைகளை ரத்துச் செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. எல்லா உயர் நீதிமன்றங்களும் இவ்வழியே செல்லவில்லை. ஆதலால் மாதந்தோறும் வரவுப் பட்டியலை எடுத்துப் பார்த்து, அதில் ஏறாத சீட்டுக்கு உரிய வரித்தொகையை வாணிபருக்குக் கொடாமல் நிறுத்தி வைப்பதே இப்போதைக்குக் கைகண்ட வழி.

இது நம் நாட்டின் தொல்லை மட்டுமன்று. மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 சதவீதத்தில் இவ்வரி வந்தபோது, புடவைக் கடையும் மளிகைக் கடையும் நடத்தும் நம்மவர்களும் புதுக் கணக்கு முறைக்கு மாற வேண்டியதாயிற்று. 2018-ல் அரசு மாறியதும் அவ்வரி எடுக்கப்பட்டது. ஆனால் வரி இருந்த ஆண்டுகளின் கணக்கைத் தணிக்கை செய்வது அதன் பின்னும் தொடர்ந்தது. இங்கேயும் ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் புத்தகங்களைக் காக்க வேண்டும். மழைக்காலத்தில் பழைய சீட்டுக்கட்டைத் தரையில் போட்டுக் கரையானுக்கு இரையாக்கிய ஒரு சங்கத்தை நாம் அறிவோம்.

வரும் அதிகாரிக்கும் வரம்பு உண்டு என்பதைச் சங்க நிர்வாகிகள் அறிந்திருத்தல் நலம். முன்னறிவிப்பின்றிச் சோதனைக்கு வருபவர், இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து மூலமான அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு வர வேண்டும். அதனைக் காட்டும்படி பணிவுடன் கேட்கலாம். எடுத்துச் செல்லும் புத்தகங்களுக்குப் பட்டியல் பெறலாம். அவற்றிலிருந்து நகல் எடுத்துக் கொள்ளலாம். தணிக்கை வேறு, அதற்கு 15 வேலை நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஒன்றும் கேளாமல் எழுதித் தந்த வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

காந்தி ரோட்டில் கடை வைத்திருப்போருக்கு இன்னொன்று. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கக் கூடாது. 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் உள்ள இவ்விதியின் கீழ், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வாங்கியவர் தலையில் விழும். கொடுத்தவர் தலையில் அன்று. சீட்டை இரண்டாகப் பிரித்து எழுதுவதும் உதவாது.

இனி அந்தச் சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். தலைவர் அறுபது வயதைக் கடந்தவர். தாமே கோர்வைப் புடவை நெய்தவர். “சாயங்காலம் வரை நேரம் கொடுங்கள் சார். வீடு வீடாக அழைத்துப் போகிறேன், நீங்களே பாருங்கள்” என்றார். அதிகாரி சற்று யோசித்து இசைந்தார். அன்று பிற்பகல் முழுதும் தெருத்தெருவாக நடந்தோம். தறியில் ஏற்றிய பாவை நிறுக்க முடியாது. நெய்தது எத்தனை முழம், நெய்ய வேண்டியது எத்தனை முழம் என்று அளந்து, எழுத்தர் எழுதி, நெசவாளி கையொப்பமிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டிப் பார்த்தபோது, காணாத 104 கிலோவில் 97 கிலோவுக்குக் கணக்குக் கிடைத்திருந்தது. மீதி 7 கிலோவும் சாயப் பட்டறையில் கரைந்த கோந்தே என்பதைப் பட்டறைச் சீட்டுகளைத் தேடி எடுத்துப் பின்னர் நிறுவினர்.

ஒரு வீட்டில் மட்டும் பாவு ஏறிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நெசவாளிக்குப் பக்கவாதம்; குழித்தறிக்கு மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. ஓராண்டு கடந்ததால் அந்தப் பட்டுக்கு வரியும் வட்டியும் உண்டு என்றார் அதிகாரி. தொகை ஆயிரம் ரூபாய்க்குள்தான். நெசவாளியின் மனைவி தலைவரைப் பார்த்து, “பாவை அறுத்துக்கொண்டு போயிடுவீங்களா அண்ணே?” என்று கேட்டார். தலைவர் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், வரியைச் சங்கமே ஏற்பதென்றும், அந்தப் பாவை அவருடைய தம்பி மகன் நெய்து முடிப்பதென்றும் தீர்மானம் எழுதினார்கள். ஒப்படைப்புச் சீட்டு அன்று புதிதாக எழுதப்பட்டது; எடை, தேதி, கையொப்பம் மூன்றும் அதில் இருந்தன.