ஒரு கட்டை இறங்கினால்

பல சுரங்களை ஒருசேர ஒலிப்பதைப் பியானோ இசையில் ‘கார்ட்’ என்பர். அவற்றுள், ஐந்தாம் சுரம் தாழ்த்திய மைனர் செவந்த் என்னும் ஒன்றை இன்று நாம் காண்போம். பெயர்தான் நீளம், எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இது எளிது.

மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தை அடுத்து, வலப்புறம் உள்ள வெள்ளைக் கட்டையே ‘பி’. அதை விட்டு, கறுப்பு வெள்ளை இரண்டையும் தவறாமல் எண்ணுவோம். மூன்றாவது ‘டி’, அதிலிருந்து நான்காவது ‘எஃப் ஷார்ப்’, அதிலிருந்து மூன்றாவது ‘ஏ’. இந்த நான்கும் பி மைனர் செவந்த். இதில் எஃப் ஷார்ப்பை மட்டும் ஒரு கட்டை இறக்கி ‘எஃப்’ ஆக்குவோம். இப்போது கணக்கு 3, 3, 4. எங்கே தொடங்கினாலும் இதே கணக்குத்தான்.

வலக்கையில் பெருவிரல் பி, ஆள்காட்டி விரல் டி, நடுவிரல் எஃப், சுண்டுவிரல் ஏ. மணிக்கட்டு தளர்ந்திருக்கட்டும். சிறு கையாயின் பி-யை இடக்கையிடம் விடலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு பழகுவது கைக்குக் கேடு.

இந்த ஒலியில் ஓர் ஏக்கம் உண்டு. பி, டி அப்படியே இருக்க, எஃப்பையும் ஏ-யையும் ஒவ்வொரு கட்டை இறக்கினால் ஈ செவந்த் பிறக்கும். அடுத்து ஏ, சி, ஈ மூன்றையும் அழுத்தினால் ஏக்கம் தணியும். 1865-இல் மியூனிக் நகரில் அரங்கேறிய வாக்னரின் ‘திரிஸ்தானும் இசோல்டேயும்’ இசை நாடகத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் புகழ்பெற்ற கார்டின் சுரங்களையும் வரிசைப்படுத்தினால் இதே 3, 3, 4 வரும்.

பியானோ இல்லையே என்று பிள்ளையின் ஆர்வத்தை முடக்க வேண்டாம். பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியத்திலும் கட்டை வரிசை இதுவே. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.