பாகான் டாலாமில் ஆப்பிள் காய்க்குமா?

விதை முளைக்கும். தொட்டியில் இலையும் விடும். பூ மட்டும் வராது. ஏன்?

குளிர்நாட்டு ஆப்பிளின் மொட்டு குளிரை ‘எண்ணி’க்கொண்டு உறங்கும் மொட்டு. சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழிந்தால்தான் ஒழுங்காக விழிக்கும். இஸ்ரேலில் உருவான ‘அன்னா’ ரகம் குறைந்த குளிரே கேட்கும். அதற்குக்கூடப் பாகான் டாலாம் இருக்கும் பட்டர்வொர்த் கடற்கரையின் இரவுகள் போதாது. ஆனால் கிழக்கு ஜாவாவின் பாத்து மலைப்பகுதியில் ஒரு தந்திரம் உண்டு. அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். ஆழ்ந்து உறங்குமுன்பே மொட்டு துளிர்த்து, ஆண்டுக்கு இருமுறைகூடக் காய்க்கும். அதற்கும் மலைக் குளுமை வேண்டும்.

சரி, சிலவகை ஆப்பிளில் சதையே சிவப்பது எப்படி? சாதாரண ஆப்பிளில் ஆந்தோசயனின் நிறமி தோலோடு நின்றுவிடும். மத்திய ஆசியாவின் நீட்ஸ்வெட்ஸ்கி ஆப்பிள் வழிவந்தவற்றில், நிறமியை இயக்கும் மரபணு ஒன்று தன்னைத்தானே தூண்டிக்கொள்கிறது. அதனால் சதை, இலை, பூ எல்லாம் சிவக்கின்றன. இவற்றில் பல புளிப்பானவை; அழகுக்கு வாங்கி முகம் சுளிப்பவர்கள் உண்டு.

நம் இரவுச் சந்தையின் சிவப்பு டிராகன் பழத்தில் இருப்பது வேறு நிறமி: பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன். நிறையச் சாப்பிட்டால் சிறுநீரும் சிவக்கலாம், பயப்படாதீர்கள். இவ்விரு நிறமிகளையும் ஒருசேர உண்டாக்கும் செடி எதுவும் இயற்கையில் இதுவரை அறியப்படவில்லை.

வீட்டில் சிவப்புச் சதைப் பழம்தான் வேண்டுமென்றால், டிராகன் தண்டு ஒன்றை நடுங்கள். ஆப்பிளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.